ஐந்து மாதம் நிறுத்திவைக்கும் காருக்கு எலியிடமிருந்து காப்பு: அந்துருண்டை போதுமா?

அக்டோபர் 14, கேள்வி

நவம்பர் முதல் வாரத்திலிருந்து மார்ச் கடைசிவரை காரை ஷெட்டில் பூட்டி வைக்கப்போகிறேன். குளிர்காலம் முழுக்க யாரும் எடுக்கப்போவதில்லை. டிக்கியிலும் சீட்டுக்கடியிலும் அந்துருண்டை, பானட்டுக்குள் புதினா எண்ணெயில் நனைத்த பஞ்சு, ஷெட் மூலையில் ஒரு அல்ட்ராசோனிக் கருவி. இவ்வளவும் இருந்தால் எலி அண்டாது என்பது என் கணக்கு. சரிதானா?

அக்டோபர் 14, இரவு

தப்பு. மூன்றும் எலியை அதட்டிப் பார்க்கும் வழிகள். எலி நுழையும் ஓட்டை ஒன்றாவது இதனால் அடைபடுகிறதா? இல்லை. ஒரு எலியாவது பிடிபடுமா? அதுவும் இல்லை.

புதினா எண்ணெய் சில நாளில் ஆவியாகிவிடும். மிஞ்சுவது பஞ்சு. கூடு கட்ட அதைவிட நல்ல பொருள் எலிக்குக் கிடைக்காது.

அந்துருண்டை என்பது நாப்தலீன் அல்லது பாராடைகுளோரோபென்சீன். இறுக மூடிய பெட்டிக்குள் துணிப்பூச்சியைக் கொல்வதற்கென்று வந்த நஞ்சு அது. எலி அதை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும். ஆனால் நெடி சீட் ஃபோமிலும் கூரைத் துணியிலும் ஏறிவிட்டால் மாதக்கணக்கில் இறங்காது. மார்ச்சில் ஹீட்டர் போட்டு அந்தக் காற்றை மூச்சில் இழுக்கப்போவது நீங்களும் வீட்டுப் பிள்ளைகளும்தான். ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கும். வைக்காதீர்கள்.

அல்ட்ராசோனிக் ஒலி டயர், பம்பர், அட்டைப்பெட்டி எதையும் ஊடுருவாது, தூரம் போகப்போகச் சீக்கிரம் தேய்ந்துவிடும். காரின் அடிப்பக்கம் முழுக்க அதற்கு மறைவிடம். முதலில் மிரண்டாலும் எலி சில நாளில் பழகிவிடும். இந்தக் கருவிகளைச் செய்தும் விற்றும் வந்த 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யக்கூடாது என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2001-இல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

செய்யவேண்டியது வேறு. ஷெட்டை அடைக்கவேண்டும், காரின் வாய்களை மூடவேண்டும், சுற்றிலும் பொறி வைக்கவேண்டும், குளிர்காலம் முழுக்க யாராவது வந்து பார்க்கவேண்டும். விவரம் நாளை.

அக்டோபர் 15

முதலில் ஷெட். ஒரு பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரடியைச் சுற்றி வாருங்கள். பென்சில் போகிற ஓட்டையில் சுண்டெலி போகும். 6 மி.மீ. இடைவெளி அதற்குப் போதும், தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். பெரிய எலிக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல்.

பெரும்பாலும் வழி கதவடியில்தான். ரப்பர் பட்டையின் நடுப்பகுதி தரையோடு ஒட்டியிருக்கும், இரு முனையிலும் மட்டும் தேய்ந்து சுருங்கி ஒரு முக்கோண இடுக்கு இருக்கும். உள்ளே நின்று கதவைச் சாத்தி விளக்கை அணையுங்கள். வெளிச்சம் எங்கே கசிகிறதோ அங்கே எலி வரும். அடுத்துப் பார்க்கவேண்டியது மின்கம்பி, தண்ணீர்க்குழாய் நுழையும் துளைகள்.

ஊதிப்பெருகும் ஃபோமை மட்டும் அடித்து நிறுத்தாதீர்கள், அதைக் கொறித்துக் குடைந்துவிடும். முதலில் துருப்பிடிக்காத எஃகு வலையையோ செம்பு வலையையோ திணித்து, அதன்மேல் ஃபோம் அல்லது சிமெண்ட் கலவை. வலை பல்லைத் தடுக்கும், மேல்பூச்சு காற்றை நிறுத்தும்.

பறவைத் தீனி, நாய்த் தீனி, புல்விதை இதெல்லாம் ஷெட்டில் இருந்தால் வெளியே எடுங்கள், அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். பிளாஸ்டிக் டப்பா நிற்காது. பழைய துணி, அட்டைப்பெட்டி, தாள்கட்டு எதுவும் சுவரோரம் வேண்டாம். சுவரிலிருந்து அரை மீட்டர் தரை வெறுமையாக இருக்கட்டும். பொறி வைக்க அந்த இடம் வேண்டும், புழுக்கை கண்ணில் படவும் அதுதான் வழி.

அக்டோபர் 16

இனி கார். உள்ளே உணவு வாசனை இருக்கக்கூடாது. குழந்தை சீட்டைக் கழற்றி அதன் மடிப்புகளை உதறுங்கள், சீட் நகரும் தண்டவாளத்துக்குள் வேக்குவம் குழாயை விடுங்கள், அங்கேதான் பிஸ்கட் தூள் கிடக்கும். கையுறைப் பெட்டியிலுள்ள டிஷ்யூ, கையேடு, ரசீது எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். அவை உணவில்லைதான், ஆனால் கூட்டுக்குப் பொருள். டிக்கியில் போர்வை வேண்டாம்.

சுண்டெலி போகும் வாய்கள் பெரும்பாலான காரில் நான்கு வகை.

ஒன்று, முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் அருகில் உள்ள காற்றுத்துளை. அதன் வழி இறங்கினால் கேபின் ஃபில்டர், அதற்கப்பால் புளோயர் விசிறி. ஃபில்டரின் மடிப்புத்தாளைக் கிழித்து விசிறிக் கூண்டிலேயே கூடு கட்டிவிடும். ஹீட்டர் போட்டதும் அடிக்கும் நாற்றத்துக்கு இதுதான் வழக்கமான காரணம். 6 மி.மீ. கண்ணுள்ள வலையைத் துளையைவிட எல்லாப் பக்கமும் 2 செ.மீ. கூடுதலாக வெட்டி, பிளாஸ்டிக் மூடியின் அடிப்புறம் கட்டுங்கள். இதைமட்டும் நிரந்தரமாகவே விட்டுவிடலாம். காற்று தடைபடாது, இலைச்சருகும் உள்ளே போகாது.

இரண்டு, எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் குழலின் வாய். ஏர் ஃபில்டர் பெட்டி இருட்டு, உலர்ந்த இடம், மெத்தை தயார். குழலின் வெளிவாயில் வலை கட்டுங்கள். ஃபில்டரைத் தாண்டிய சுத்தமான பக்கத்தில் எதையும் திணிக்காதீர்கள், அங்கே உதிர்வது நேரே எஞ்சினுக்குள் போகும்.

மூன்று, சைலன்சர் முனை. ஸ்டீல் நாரை உருட்டி அடைத்துவிடுங்கள், வால் 5 செ.மீ. வெளியே தொங்கட்டும். இரட்டை முனை என்றால் இரண்டும்.

நான்கு, பலரும் மறப்பது: பின் பம்பருக்குள் இடமும் வலமும் இருக்கும் காற்று வெளியேறும் மடல்கள். கதவைச் சாத்தும்போது உள்ளே அழுந்தும் காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும். மெல்லிய ரப்பர் மடல் ஒருவழிக் கதவு மாதிரி. பழசானால் விறைத்துத் திறந்தே நிற்கும், எலி நேராக டிக்கிப் பக்கச் சுவருக்குள் வந்துவிடும். டிக்கியின் பக்க அட்டையைக் கழற்றி உள்ளிருந்து வலையை மாட்டலாம், பம்பரைக் கழற்றத் தேவையில்லை.

அடைத்த இடம் ஒவ்வொன்றையும் ஒரு சிவப்பு அட்டையில் எழுதி, எத்தனை என்று எண் போட்டு, ஸ்டீயரிங்கில் கட்டுங்கள். சைலன்சர் அடைத்திருப்பது நினைவில்லாமல் ஸ்டார்ட் செய்வதும் குழல் வாய் வலையை மறப்பதும் எலி செய்வதைவிடப் பெரிய சேதம்.

அக்டோபர் 16, சற்று நேரம் கழித்து

மேலே ஸ்டீல் நார் என்று எழுதியதைத் திருத்துகிறேன். சாதாரண இரும்பு நார் ஈரக்காற்றில் ஒரே பருவத்தில் துருவாக உதிரும், சைலன்சர் முனையில் கறையும் பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு நார் அல்லது செம்பு வலை வாங்குங்கள். இந்த நார்களில் எதையும் பானட்டுக்குள் பேட்டரி முனை, ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி அருகே திணிக்கவேண்டாம். மின்சாரம் பாயும், ஒரு இழை உதிர்ந்து விழுந்தாலும் ஷார்ட் ஆகும். பானட்டுக்குள் கட்டவேண்டிய இடத்தில் விளிம்பு மடித்த வலை மட்டும்.

அக்டோபர் 19

ஏசியை உட்காற்றுச் சுழற்சியில் வைத்தால் முன்வாயை (வைப்பர் அருகிலுள்ள காற்றுத்துளையை) மூடவேண்டியதில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்கலாம், கூடுதல் தடுப்பு அது. ஆனால் நம்பி விடாதீர்கள். பல கார்களில் சாவியை எடுத்ததும், உட்காற்றையும் வெளிக்காற்றையும் மாற்றிவிடும் மடல் தானே வெளிக்காற்றுப் பக்கம் திரும்பிவிடும். திரும்பாத காரிலும் மடலின் ஓரம் ஃபோம் பட்டைதான், கொறிக்க நிமிடங்கள் போதும். பல கார்களில் கேபின் ஃபில்டர் மடலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதும் மாறும். வலைதான் வேலை செய்யும்.

அக்டோபர் 20

பானட்டைத் திறந்தே வைப்பது: எலிக்கு வேண்டியது இருட்டும் ஒதுக்கமும், திறந்திருந்தால் இரண்டும் குறையும். ஷெட்டில் வெளிச்சம் வருமானால் பலன் உண்டு. ஜன்னலில்லாத ஷெட்டில் பெரிய வித்தியாசம் வராது.

செய்வதானால் ஒன்று கவனியுங்கள். பானட்டுக்குள் விளக்கு இருந்தால் பல்பைக் கழற்றுங்கள். விளக்கு இல்லாத புதிய காரிலும் பானட் பூட்டில் சென்சார் இருக்கலாம். பானட் திறந்திருக்கிறது என்று தெரிந்தால் சில கார்களின் கணினிகள் தூங்கப்போகாமல் பேட்டரியை உறிஞ்சும். பேட்டரி இணைப்பைக் கழற்றியிருந்தால் கவலையில்லை.

அக்டோபர் 24

பொறி. ஓட்டை அடைப்பதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் பழைய ஷெட் ஒன்றை முழுக்க அடைக்க முடியாது, அதனால் காரைக் காப்பது கடைசியில் பொறிதான். இரண்டு பொறி வைத்துவிட்டு எலி மாட்டவில்லை என்பவர்கள் நிறையப் பேர். சுண்டெலி நடமாடும் வட்டம் சிறியது, பெரும்பாலும் 3 முதல் 10 மீட்டர். வேறு மூலையில் இருக்கும் பொறியைத் தேடி அது வராது. ஒற்றைக் கார் ஷெட்டுக்கு 8 முதல் 12 ஸ்பிரிங் பொறி, 2 மீட்டருக்கு ஒன்று.

சுண்டெலி நடுத்தரையில் ஓடாது. மீசையால் சுவரைத் தடவிக்கொண்டே போகும். எனவே பொறி சுவருக்குச் செங்குத்தாக, தீனி வைத்த முனை சுவரைத் தொட்டு நிற்கவேண்டும். சுவருக்கு இணையாக வைப்பதானால் இரண்டு பொறி, தீனி முனைகள் இரு வெளிப்பக்கமும் பார்த்திருக்க. கதவின் இரு உள்மூலையிலும் ஒவ்வொன்று கட்டாயம். பிறகு நான்கு டயருக்கும் பக்கத்தில் ஒவ்வொன்று, ஏனென்றால் ஏணி அதுதான்: டயர், சஸ்பென்ஷன், எஞ்சின்.

காருக்குள் பொறி வேண்டாம். தீனி வாசனையை நாமே உள்ளே கொண்டுபோய் வைக்கிறோம். உள்ளே எலி இருப்பது உறுதியானபின் அதைப் பிடிக்க வைப்பது வேறு விஷயம்.

பெரிய எலியாக இருந்தால் புதுப்பொருளைக் கண்டு பல நாள் ஒதுங்கும். பெரிய பொறியைத் தீனியோடு, ஸ்பிரிங் ஏற்றாமல் நாலைந்து நாள் வையுங்கள். தின்று பழகியபின் ஏற்றுங்கள். சுண்டெலிக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை, புதிதாக எதைக் கண்டாலும் முகர்ந்து பார்க்க வரும்.

அக்டோபர் 25

தீனி அளவு: நிலக்கடலை வெண்ணெய், ஒரு பட்டாணி அளவு, அதற்கு மேல் கூடாது. அதிகம் வைத்தால் ஓரத்தில் நக்கிவிட்டுப் போய்விடும். கடுங்குளிரில் அது உலர்ந்து இறுகினால் பொறித்தட்டில் சிறிது பஞ்சு நூலை இறுக்கிக் கட்டிவிடுங்கள். கூடு கட்டும் பெண் எலி அதை இழுக்கும், பொறி விழும்.

நவம்பர் 2

வயரில் சோயா இருப்பதால்தான் கடிக்கிறதா? இந்தப் பேச்சு அடிக்கடி வரும். இன்சுலேஷனில் சோயா எண்ணெய் சார்ந்த பொருள் சேர்ப்பதற்கு வெகுமுன்பே எலி வயரைக் கடித்துக்கொண்டுதான் இருந்தது. முன்பல் சாகும்வரை வளர்வதால் எதையாவது கொறித்தே ஆகவேண்டும். கையடக்கமாக, இளக்கமாக வயர் கிடைக்கிறது.

மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் ஏற்றிய சுற்றுநாடா ஒன்றை ஹோண்டா விற்கிறது. மேலே சொன்ன வாசனைச் சரக்குகளைவிட இதில் நியாயம் உண்டு: கடிக்கும் இடத்திலேயே எரிச்சல், பாலூட்டியின் வாய் அதை உணரும். எல்லா ஹார்னஸையும், அதாவது வயர்க்கட்டையும், சுற்றத் தேவையில்லை, முடியவும் முடியாது. எஞ்சின் மேல் தட்டையாகக் கிடக்கும் இன்ஜெக்டர் (எரிபொருள் பீய்ச்சும் கருவி) வயர், எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் தடுப்பு அருகே திறந்து நிற்கும் கட்டு, வாஷர் குழாய் இவை முதலில். பாதி மேற்பொருந்தச் சுற்றுங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணைத் தொடாதீர்கள். எஞ்சினிலிருந்து சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டிய வயரில் வேண்டாம். மின்சாரக் கார், ஹைப்ரிட் என்றால் உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிறக் கேபிள்களில் கைவைக்கவே வேண்டாம்.

நவம்பர் 9

இரண்டு சின்ன விஷயம். தரைவரை தொங்கும் கவர் எலிக்குக் கூடாரம். பொறியையும் புழுக்கையையும் அது மறைத்துவிடும். ஷெட்டுக்குள் தூசி மட்டும்தான் பிரச்சினை என்றால் கண்ணாடி மட்டத்துக்குக் கீழே தொங்காமல் மடித்துக் கட்டுங்கள்.

பேட்டரி சார்ஜர் வயரைக் கதவிடுக்கு வழியாக விட்டால் ரப்பர் பீடிங் எழும்பி வழி திறக்கும். பேட்டரி பானட்டுக்குள் இருந்தால் கிரில் வழியாக விடுங்கள். டிக்கியில் இருந்தால் பேட்டரியையே கழற்றி வீட்டுக்குள் சார்ஜ் போடுவது மேல். கழற்றுமுன் டிக்கியைச் சாவியால் வெளியிலிருந்து திறக்க முடியுமா என்று பார்த்துவிடுங்கள்.

டிசம்பர் 6, கேள்வி

ஷெட்டின் பின்சுவரோரம் அரிசிமணி அளவில் புழுக்கை. மூன்று பொறி விழுந்து இரண்டில் சுண்டெலி. டிக்கியின் ஓரத்திலும் நாலைந்து புழுக்கை கிடக்கிறது. கூட்டிப் பெருக்கிவிடலாமா?

டிசம்பர் 6

துடைப்பம் தொடாதீர்கள். வேக்குவமும் வேண்டாம். காய்ந்த புழுக்கையும் மூத்திரமும் தூசியாகக் காற்றில் எழும்புவதுதான் ஆபத்து. ஹன்டா வைரஸ் அப்படித்தான் தொற்றும். 1993-இல் அமெரிக்காவின் தென்மேற்கில் நுரையீரலைத் தாக்கிப் பலரைக் கொன்ற வகையைச் சுமந்தது மான் சுண்டெலி, வயிறும் பாதமும் வெளுத்த சிறு எலி. வீட்டுச் சுண்டெலி அதைப் பரப்புவதாகத் தெரியவில்லை, ஆனால் புழுக்கையைப் பார்த்து எலியின் இனத்தைச் சொல்ல முடியாது.

ஷெட் கதவையும் கார் கதவுகளையும் திறந்து அரைமணி நேரம் வெளியே நில்லுங்கள். ரப்பர் கையுறை, என்95 முகக்கவசம். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், அன்றன்று கலந்தது. புழுக்கை நன்றாக நனையும்படி விடுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் தூசி எழும். ஐந்து நிமிடம் ஊறியபின் தாளால் துடைத்து இரட்டைப் பையில் கட்டுங்கள். செத்த எலியையும் பொறியோடு இப்படியே நனைத்துத்தான் எடுக்கவேண்டும்.

டிக்கிக் கம்பளத்தில் பிளீச் சாயத்தை எடுத்துவிடும். அங்கே கிருமிநாசினி என்று குறித்த, துணிக்கு ஏற்ற தெளிப்பான் பயன்படுத்துங்கள். பிறகு நொதிக் கலவையால் ஒருமுறை. மூத்திர வாடை தங்கினால் அடுத்த எலிக்கு அது அழைப்பு.

டிசம்பர் 7

நேற்று சுத்தம் செய்வதையே சொல்லிவிட்டு முக்கியமானதை விட்டுவிட்டேன். டிக்கியில் புழுக்கை என்றால் வழி எங்கே? பின் மடல் இரண்டுக்கும் வலை போட்டீர்களா, இடப்பக்கம் மட்டுமா? பக்க அட்டைக்குள் விளக்கடித்துப் பாருங்கள். ஸ்பேர் டயர் குழியையும் பாருங்கள், கூடு பெரும்பாலும் டயரின் உட்குழிவில் இருக்கும். டிக்கியில் இப்போது இரண்டு பொறி வைக்கலாம், இதுதான் நான் முன்பு சொன்ன விதிவிலக்கு. வழியை அடைத்தபின் ஒரு வாரம் பொறியைத் தினமும் பாருங்கள். எலியை உள்ளேயே வைத்து அடைத்திருக்கலாம்.

தரையில் முகப்பவுடரை மெல்லிய படலமாக, டயரைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குத் தூவிவையுங்கள். காலடித் தடம் எந்த டயரில் ஏறுகிறது என்று காட்டும்.

தள்ளிப்போடாதீர்கள். வீட்டுச் சுண்டெலியின் சினைக்காலம் சுமார் மூன்று வாரம், ஒரு ஈற்றில் ஐந்தாறு குட்டி, ஆறு வாரம் தாண்டினால் குட்டியும் சினையாகும். டிசம்பரில் விட்ட ஒரு சினை எலி மார்ச்சில் ஒரு குடும்பம்.

ஜனவரி 11

இரண்டு வாரத்துக்கொரு முறை எஞ்சினை ஓடவிட்டால் எலி ஓடிவிடாதா என்ற கேள்விக்கு: ஓடும், வெப்பம் ஆறியதும் திரும்பும். சூடான எஞ்சின் குளிரில் அதற்கு அடுப்படி. பத்து நிமிட ஓட்டத்தில் எஞ்சின் முழுச்சூட்டுக்கு வராமல் எண்ணெயிலும் சைலன்சரிலும் நீர் தங்கும். எக்ஸாஸ்ட் மேலே உலர்ந்த கூடு இருந்தால் தீப்பிடிக்கும். ஸ்டார்ட் செய்யாமல் பானட்டைத் திறந்து விளக்கடித்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

ஜனவரி 12

விஷம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ரத்தம் உறையாமல் செய்யும் வகை விஷம் தின்ற எலி சாகச் சில நாள் ஆகும், அதற்குள் ஒதுக்கமாக ஒரு இடம் தேடும். ஹீட்டர் குழாய்க்குள் செத்துக் கிடந்தால் டாஷ்போர்டையே கழற்றவேண்டிவரும். அந்த எலியைத் தின்னும் ஆந்தை, பூனைக்கும் அதே விஷம்.

மார்ச் 22

எடுக்கும் நாள் நெருங்குகிறது. வரிசை முக்கியம். பேட்டரியை இணைக்குமுன் பானட்டைத் திறந்து எஞ்சின் மேல்மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். கேபின் ஃபில்டரை வெளியே இழுத்துப் பார்த்து, புளோயர் கூண்டுக்குள் விளக்கடியுங்கள். அதன்பின் சிவப்பு அட்டையை எடுத்து ஒவ்வொரு அடைப்பாகக் கழற்றித் தரையில் வரிசையாக வையுங்கள். பின் மடல் வலையில் கண் 6 மி.மீ. இருந்தாலும் மடலின் அசைவை வலை தடுக்கிறதா என்று பாருங்கள். தடுத்தால் கழற்றவேண்டும், இல்லாவிட்டால் கதவு சாத்தக் கடினமாகும், கண்ணாடியில் ஆவி படியும்.

மார்ச் 23

இன்ஜெக்டர் வயர் ஒன்று செம்பு தெரியக் கடிபட்டிருக்கிறது என்றீர்கள். செம்பு இழை அறுபடாமல் இருந்தாலும் டேப் சுற்றி விடாதீர்கள், ஈரம் ஏறிப் பச்சை பிடிக்கும். கடிபட்ட துண்டை வெட்டி, அதே குறுக்களவு வயரை இணைத்து, உள்ளே பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும்) குழாய் போட்டுச் சூடாக்குங்கள். பக்கத்துப் பக்கத்து வயர்களின் இணைப்புகள் ஒரே இடத்தில் வராமல் 3 செ.மீ. தள்ளித்தள்ளி அமையட்டும்.

ஒன்றையொன்று முறுக்கிய இரட்டை வயர் கடிபட்டிருந்தால் அது காரின் கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கேன் பஸ்ஸாக இருக்கும். முறுக்கைப் பிரித்த நீளத்தை முடிந்தவரை குறைத்து, திரும்ப முறுக்கியே விடவேண்டும். சரிபார்க்க, பேட்டரி கழற்றிய நிலையில் ஓபிடி இணைப்பின் (கோளாறு பார்க்கும் கருவியை மாட்டும் சாக்கெட்டின்) 6, 14 முனைகளுக்கிடையே மீட்டரில் அளக்கலாம்: 60 ஓம் அருகே வந்தால் சரி, 120 என்றால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. நடுவே கேட்வே என்ற இடைக்கணினி உள்ள கார்களில் இந்த அளவு பொருந்தாது.

மஞ்சள் உறை அல்லது மஞ்சள் கனெக்டர் ஏர்பேக் வயர். அதை ஒட்டுப்போடவே கூடாது. பட்டறைக்குப் போகட்டும்.

ஸ்டார்ட் ஆனபின் எஞ்சின் விளக்கு எரிந்து நாக் சென்சார் (எஞ்சினின் தட்டொலியை உணரும் கருவி) கோளாறு என்று வந்தால் ஆச்சரியப்படவேண்டாம். வி வடிவ எஞ்சின் பலவற்றில் அது எஞ்சினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், எலிக்கு மிகப் பிடித்த பள்ளத்தில் இருக்கிறது. மேனிஃபோல்டைக் கழற்றாமல் தெரியாது.

மார்ச் 24

ஏழு அடைப்பில் ஆறுதான் தரையில் இருக்கிறது என்றால் சாவியைத் தொடாதீர்கள். உங்கள் பட்டியலில் முன்வாய் வலை நிரந்தரம் என்று குறித்திருந்தீர்களா என்று பாருங்கள், ஏழாவது அதுவாக இருக்கலாம். இல்லையென்றால் ஏர் ஃபில்டர் குழலைக் கழற்றி உள்ளே விளக்கடியுங்கள். குளிரில் கட்டு தளர்ந்து வலை குழலுக்குள் சரிந்திருக்கலாம்.